பதிவேட்டில் எழுதிய இரண்டு வரி

— கடை மூடியாச்சு. வெளில பலகை தொங்குது, கண்ணு தெரியலையா?

— நான் உள்ள வந்த பிறகுதான் பலகையத் திருப்பினீங்க, மிஸஸ் கிலீன். என்னைப் பாத்துட்டுத்தான் திருப்பினீங்க.

— ஆமா, பாத்துட்டுத்தான் திருப்பினேன். நாளைக்குக் கோயில்ல பிள்ளைங்களுக்குப் புதுநன்மை, முதல் நற்கருணை. காலைலேந்து முப்பது பொண்ணுங்களுக்கு வெள்ளை ஷூ மாட்டி மாட்டி என் முட்டி ரெண்டும் கழண்டு போச்சு. கடைசியா உன் மூஞ்சியையும் பாக்கணும்னு எனக்கென்ன வேண்டுதலா?

— அஞ்சு நிமிஷம் பேசணும்.

— அரை நிமிஷம் கிடையாது. உங்கிட்ட ஒரு வார்த்தை பேசக் கூடாதுன்னு இன்சூரன்ஸ்காரன் சொல்லியிருக்கான். வக்கீல் வச்சவ வக்கீல்கிட்டயே பேசிக்க.

— நான் வக்கீல் வைக்கல.

— ஓகோ! அப்ப இந்தக் கடிதத்த யாரு அனுப்பினது, வானத்துலேந்து சம்மனசா? இதோ, கல்லா மேலயே கிடக்கு. கேட்டுக்க. ‘தங்கள் கடையில் உரிய முறையில் பொருத்தப்படாத ஆளுயரக் கண்ணாடி சாய்ந்து விழுந்ததில் சிறுமி கீவாவுக்கு ஏற்பட்ட காயம் தொடர்பாக...’ கீவா! உன் பொண்ணு பேருதானே? இல்ல, வேற ஏதாவது கீவாவுக்கு என் கடைல புருவம் கிழிஞ்சுதா?

— கீவாவுக்குத்தான் கிழிஞ்சுது. அஞ்சு தையல். ஆனா கடிதம் நான் அனுப்பல.

— உன் பொண்ணுக்கு அடிபட்டதுக்கு ஊரான் ஒருத்தன் வக்கீலுக்குக் கூலி குடுத்து கடிதம் அனுப்புவானா? என்னைப் பாத்தா உனக்கு எப்படித் தெரியுது? போன வருஷம் ஒருத்தன் மதுக்கடை வாசல்ல வழுக்கி விழுந்தான். நிமிர முடியல, குனிய முடியலன்னு கோர்ட்டுல அழுதான். தீர்ப்பு வந்த மறுவாரம் மைதானத்துல பந்தாடுறான். அவன் வீட்டு முன்னாடி புது டிராக்டர் நிக்குது. நீ என்ன வாங்கப் போற? சொல்லிட்டுப் போ, நானும் தெரிஞ்சுக்கறேன்.

— பிள்ளைக்குன்னு வர்ற பணம் கோர்ட்டுலதான் கிடக்கும், அவளுக்குப் பதினெட்டு வயசாகற வரைக்கும். யாராலயும் ஒரு காசு எடுக்க முடியாது. அது உங்களுக்கும் தெரியும்.

— எல்லாம் விசாரிச்சு வச்சிருக்க! வக்கீல் வைக்காதவளுக்கு இவ்வளவு சட்டம் தெரியுது!

— ஞாயித்துக்கிழமை பூசைல எங்க பெஞ்சுல யாரும் உக்காரல, மிஸஸ் கிலீன். எட்டு பேர் உக்கார்ற பெஞ்சு. நானும் அவளும் மட்டும். பள்ளிக்கூட வாசல்ல மத்த தாய்மாருங்க கார் கண்ணாடிய ஏத்திக்கறாங்க. கீவா எங்கிட்ட என்ன கேட்டா தெரியுமா? ‘கண்ணாடிய நான் உடைச்சதுனாலயா?’ன்னு கேட்டா. எட்டு வயசு.

— அதுக்கு நான் என்ன பண்ண?

— நான் கேஸ் போட்டேன்னு ஊர்ல சொன்னது நீங்கதானே?

— சொன்னேன். ஏன் சொல்லக் கூடாது? இந்தத் தெருவுல இன்னும் திறந்திருக்கற துணிக்கடை இது ஒண்ணுதான். இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சான்னா இதுவும் போச்சு. அது யாரால போச்சுன்னு ஊருக்குத் தெரிய வேண்டாமா? நீ காத்துல அடிச்சுக்கிட்டு வந்தவ. மூணு வருஷம் இருந்துட்டு வேற ஊருக்குப் போயிருவ. நான் எங்க போவேன்?

— நான் எங்கயும் போறதா இல்ல.

— பால் சொசைட்டில பால்ல தண்ணி இருக்கான்னு பாக்கறதுதானே உன் உத்தியோகம்? அதான். விடிஞ்சா பொழுது போனா அடுத்தவன் தப்பு எங்க இருக்குன்னு தேடியே பழகிப்போச்சு உனக்கு.

— என்னைப் பத்தி என்ன வேணா சொல்லுங்க. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்.

— மன்னிப்பா? அதுக்கும் இன்சூரன்ஸ்காரன் தடை போட்டிருக்கான். ‘வருந்துகிறேன்’னு சொன்னாலே தப்ப ஒத்துக்கிட்ட மாதிரியாம். எனக்குக் கவலை இல்ல, சொல்ற எண்ணமும் எனக்கு இல்ல.

— அன்னிக்கும் சொல்லல. பிள்ளை கண்ணுக்குள்ள ரத்தம் வழியுது, நீங்க கம்பளத்தப் பாத்தீங்க.

— பொய்! பச்சைப் பொய்! அவ தலைல துண்டு கட்டினது யாரு? உன்னால முடிச்சுப் போட முடியல. நான்தான் கட்டினேன். கார் வரைக்கும் தூக்கிட்டு வந்தது யாரு? இந்த முட்டிய வச்சுக்கிட்டு, மழைல!

— தூக்கிட்டு வந்தீங்க. இல்லன்னு சொல்லல. ஆனா வர்ற வழியெல்லாம் என்ன சொல்லிக்கிட்டே வந்தீங்க? ‘ஆடாதேன்னு சொன்னா கேக்கணும், ஆடாதேன்னு சொன்னா கேக்கணும்.’ தலை பிளந்த பிள்ளைகிட்ட.

— ஆடிச்சே! கவுன் விரியுதான்னு பாக்கறதுக்குச் சுத்திச் சுத்தி ஆடிச்சு.

— வெள்ளைக் கவுன் போட்ட எட்டு வயசுப் பொண்ணு கண்ணாடி முன்னாடி வேற என்ன பண்ணும்? அதுக்குத்தானே கண்ணாடி வச்சிருக்கீங்க? ஒரு பிள்ளை சுத்தினா விழற மாதிரியா வைக்கறது?

— அவ கை பட்டுதான் விழுந்தது.

— கை பட்டா விழற கண்ணாடி! ஒரு ஆணி இல்ல, ஒரு கொக்கி இல்ல. கீழ ஒரு மரக்கட்டைய முட்டுக் குடுத்து சுவத்துல சாச்சு வச்சிருந்தீங்க. என் உயரத்துக்கு மேல இருக்கற கண்ணாடி. நல்லவேளை ஓரம் மட்டும் பட்டுது. ரெண்டு அங்குலம் கீழ பட்டிருந்தா கண்ணு.

— சேசு மரி சூசையே, எனக்குத் தெரியாதா அது? ராத்திரியெல்லாம் அந்த ரெண்டு அங்குலத்தத்தான் அளந்துக்கிட்டுப் படுத்திருக்கேன்.

— பின்ன ஏன் அத மாட்டி வைக்கல?

— உனக்கு எதுக்கு அதெல்லாம்?

— கேக்கறேன். பத்து மாசமா அந்தக் கண்ணாடி அங்க இருந்துச்சு. போன புதுநன்மை முடிஞ்ச கையோட வாங்கினீங்கன்னு சொன்னாங்க. ஒரு ஆளக் கூப்பிட்டா கால் மணி நேர வேலை.

— ஒரு ஆளக் கூப்பிட்டா! ரொம்ப சுலபம் உனக்கு. கேக்குதா அது?

— எது?

— மேல தட்டற சத்தம். அதான் என் வீட்டுக்காரர். மார்ட்டின். அஞ்சு மணிக்கு டீ வரலன்னா தடியால தரையத் தட்டுவார். வாயால கூப்பிட முடியாது. போன ஜூன்ல பக்கவாதம். ஓட்டல் ஒண்ணு மூடும்போது ஏலத்துல அந்தக் கண்ணாடிய எடுத்துட்டு வந்தது அவர்தான். ‘சனிக்கிழமை மாட்டிடறேன் ப்ரீடா’ன்னார். வெள்ளிக்கிழமை விழுந்துட்டார். இந்தக் கடைல இருக்கற ஒவ்வொரு அலமாரியும், ஒவ்வொரு ஆணியும் அவர் அடிச்சது. இன்னொருத்தன் ஏணியப் போட்டு டிரில்லு போட்டா அந்தச் சத்தம் மேல கேக்கும். அவர் படுத்துக்கிட்டு அதக் கேக்கணுமா? அவர் மனசு செத்துப் போயிரும். அடுத்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளிட்டேன். அவ்வளவுதான். போய் இதையும் உன் வக்கீல்கிட்ட சொல்லிக்க.

— எனக்குத் தெரியாது இது.

— தெரிஞ்சு என்ன பண்ணப் போற? ஒரு கேக் செஞ்சு எடுத்துட்டு வருவியா? கிளம்பு. கதவு அந்தப் பக்கம்.

— கடையோட விபத்துப் பதிவேட்டுல நீங்க எழுதின ரெண்டு வரிய மாத்தணும். அதுக்குத்தான் வந்தேன். மத்த எதுவும் எனக்கு வேண்டாம். மன்னிப்பு வேண்டாம், பணம் வேண்டாம்.

— எந்த ரெண்டு வரி?

— எங்கிட்ட பிரதி இருக்கு. ‘விபத்து நடந்தபோது தாயார் கடைக்கு வெளியே நின்று கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை தனியாக விடப்பட்டிருந்தது.’

— ஆமா. அதுல என்ன தப்பு?

— நான் வெளில இல்ல. கீவா பின்னாடி ரெண்டடி தள்ளி நின்னேன்.

— என் முகத்தப் பாத்துச் சொல்லு.

— ரெண்டடி தள்ளி நின்னேன்.

— அட, கூசாம சொல்றியே! போன காதுல வச்சுக்கிட்டு வெளில நின்ன. பிள்ளை அலறின பிறகுதான் கதவ இடிச்சுக்கிட்டு ஓடி வந்த.

— நீங்க பாத்தீங்களா?

— பாத்தேன்.

— எங்கேந்து? வெள்ளை சாக்ஸ் எடுத்துட்டு வரேன்னு பின் அறைக்குப் போனீங்களே? அங்கேந்து சுவத்த ஊடுருவிப் பாத்தீங்களா?

— நான் பாத்தேன்னா பாத்தேன்.

— நீங்க உள்ள இருந்தீங்க. சத்தம் கேட்டு வெளில வந்தீங்க. அதுக்கு முன்னாடி யாரு எங்க நின்னாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? கண்ணாடிய மாட்டாம வச்ச தப்ப மறைக்கறதுக்கு என் தலைல ஒரு போனைக் கட்டிட்டீங்க. அது உண்மையா இல்லையா?

— ஏய்! நாப்பது வருஷமா இந்த ஊர்ல கடை வச்சிருக்கேன். ஒருத்தர் என்னைப் பொய் சொன்னேன்னு சொன்னதில்ல.

— நான் சொல்றேன்.

— அப்ப நான் ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. ஒழுங்கா வளத்த பிள்ளையா அது? பெத்தவளப் பேர் சொல்லிக் கூப்பிடுது. ‘நுவாலா, ஸிப் மாட்டிக்கிச்சு. நுவாலா, இதப் பாரு.’ அம்மான்னு ஒரு வார்த்தை அந்த வாய்லேந்து வரல. அதுலயே தெரியலையா நீ எந்த லட்சணத்துல தாயா இருக்கன்னு? போன் பேசறதுக்கு வெளில போனியா, இல்ல எவன்கிட்டயாவது...

— போதும்.

— கசக்குதா?

— அவ என் வயித்துப் பிள்ளை இல்ல.

— என்ன?

— நான் பெக்கல அவள. அரசாங்கம் வளக்கறதுக்கு என் கைல குடுத்திருக்கற பிள்ளை. அஞ்சு வயசுல வந்தா. இந்த ஊருக்கு வந்தப்பவே கூடக் கூட்டிக்கிட்டு வந்ததால எல்லாரும் என் பிள்ளைன்னு நெனச்சாங்க. நானும் திருத்தல. ஃபாதருக்குத் தெரியும், வகுப்பு டீச்சருக்குத் தெரியும். இப்ப உங்களுக்கு.

— மாதாவே.

— வக்கீல் கடிதம் போட்டது குழந்தை நல அலுவலகம். பிள்ளை அவங்க பொறுப்பு. அடிபட்டா அவங்க கேஸ் போட்டுத்தான் ஆகணும், அது அவங்க சட்டம். எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்.

— இத ஏன் நீ முதல்லயே சொல்லல?

— எப்படிச் சொல்ல? உங்ககிட்ட சொன்னா நாளைக்குக் காலைல கோயில் வாசல்ல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். வெள்ளைக் கவுன் போட்டுக்கிட்டு அவ வரிசைல நடந்து வரும்போது, ‘ஐயோ பாவம், அநாதை’ன்னு ஒருத்தி உச் கொட்டுவா. அதுக்கு என்னைப் பணப்பேய்ன்னு சொல்றதே தேவலை.

— நான் அப்படிச் சொல்லியிருக்க மாட்டேன்.

— சொல்லியிருப்பீங்க.

— ...சரி, சொல்லியிருப்பேன்.

— அவ கால்ல ஒரு கீறல் விழுந்தாக்கூட நான் எழுதிக் குடுக்கணும், மிஸஸ் கிலீன். சைக்கிள்லேந்து விழுந்தா ஒரு காகிதம். தேனீ கொட்டினா ஒரு காகிதம். மூணு வருஷமா எழுதறேன். ஒருத்தரும் என்னைக் குத்தம் சொன்னதில்ல. இப்ப முதல் தடவையா ‘தனியாக விடப்பட்டிருந்தது’ன்னு ஒரு காகிதம் போயிருக்கு. உங்க கையெழுத்தோட.

— ஒரு வரிக்கு அவ்வளவா?

— திங்கக்கிழமை பத்து மணிக்குக் குழந்தை நல அலுவலகத்துல கூட்டம். அவளப் பெத்தவ திரும்ப வந்திருக்கா. குடிய விட்டுட்டாளாம், டப்ளின்ல வீடு எடுத்திருக்காளாம். பிள்ளை வேணும்னு கேக்கறா. கேக்கட்டும், அவ பெத்தவ. ஆனா கீவா அவளப் பாத்தா மேசைக்குக் கீழ போய் உக்காந்துக்கறா. போன தடவை பாத்துட்டு வந்து ஒரு வாரம் பேசல. இன்னும் ஒரு வருஷம் எங்கிட்டயே இருக்கட்டும், மெல்ல மெல்லப் பழகட்டும்னு கேக்கப் போறேன். அந்த மேசைல உங்க காகிதமும் இருக்கும். ஆஸ்பத்திரில நான் ‘பக்கத்துல நின்னேன்’னு சொல்லியிருக்கேன். நீங்க ‘வெளில நின்னா’ன்னு எழுதியிருக்கீங்க. ரெண்டுல ஒருத்தி பொய் சொல்றா. யாரு சொல்றான்னு கேப்பாங்க.

— அவங்க உன்ன நம்ப மாட்டாங்களா?

— நீங்க நாப்பது வருஷமாக் கடை வச்சிருக்கவங்க. நான் காத்துல அடிச்சுக்கிட்டு வந்தவ.

— பெத்தவ திரும்ப வந்திருக்கான்னு உனக்கு எப்ப சொன்னாங்க?

— எப்ப சொன்னா என்ன?

— சும்மா கேக்கறேன். எப்ப?

— அதே புதன்கிழமைதான்.

— கீவாவுக்கு அடிபட்ட புதன்கிழமையா?

— ஆமா.

— எத்தனை மணிக்கு?

— ஏன் கேக்கறீங்க?

— பதில் சொல்ல இஷ்டமில்லன்னா விடு.

— ...சாயங்காலம். ஆஸ்பத்திரிலேந்து வந்த பிறகு.

— ஆங். ஆஸ்பத்திரிலேந்து வந்த பிறகு.

— உங்களுக்கு இதுல என்ன வேணும், மிஸஸ் கிலீன்? மாத்துவீங்களா, மாட்டீங்களா? மாட்டீங்கன்னா சொல்லிடுங்க. பிள்ளைக்குக் கோயில்ல ஒத்திகை ஆறு மணிக்கு முடியும். நான் போகணும்.

— கவுன் என்ன ஆச்சு?

— எந்தக் கவுன்?

— ரத்தம் பட்டது. கழுத்துப் பட்டைல பட்டுச்சே.

— பச்சைத் தண்ணில உப்புப் போட்டு மூணு தடவை அலசினேன். லேசா மஞ்சளா இருக்கு. வேற வாங்கித் தரேன்னேன். இதுதான் வேணும்னுட்டா. இதுல சுத்தினா நல்லா விரியுதாம்.

— அடிபட்ட பிறகும் அதையா சொன்னா?

— தையல் போட்டுக்கிட்டே டாக்டர்கிட்ட சொன்னா.

— ...உக்காரு.

— எனக்கு நேரமில்ல.

— உக்காருன்னு சொன்னேன். அந்த ஷூ போடற பெஞ்சுல உக்காரு. என் மூக்குக் கண்ணாடி எங்க? இந்த டோனல் நம்பர் எனக்கு எப்பவும் கண்ணுல படாது.

— டோனல் யாரு?

— இன்சூரன்ஸ்காரன். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு மேல எடுக்க மாட்டான், தூண்டில எடுத்துக்கிட்டு ஏரிக்குப் போயிருவான். பேசாம இரு. மூச்சு விடாத.

— நீங்க என்ன பண்ணப் போறீங்க?

— பேசாம இருன்னேன்ல? ...ஹலோ, டோனல்? ப்ரீடா கிலீன். ஆமா, கடை மூடியாச்சு. இல்ல, அவ இங்க வரல. அவகிட்ட ஒரு வார்த்தை பேசல, நீ சொன்ன மாதிரியே. டோனல், பதிவேட்டுல நான் எழுதினதுல ஒரு தப்பு இருக்கு. ஆமா, தப்புதான். ...குறிச்சுக்கறியா? குறிச்சுக்க. நான் அந்த நேரத்துல பின் அறைல இருந்தேன். சாக்ஸ் எடுக்கப் போயிருந்தேன். கண்ணாடி விழற சத்தம் கேட்டுத்தான் வெளில வந்தேன்.

— மிஸஸ் கிலீன்...

— உஷ்! ...இல்ல டோனல், ரேடியோ. ரேடியோ ஓடுது. என்ன சொன்னேன்? ஆங், நான் பாக்கல. அந்தம்மா எங்க நின்னாங்கன்னு எனக்குத் தெரியாது. வெளில நின்னாங்கன்னு நானா நெனச்சு எழுதிட்டேன். படபடப்புல எழுதினேன். பிள்ளை தனியா இருந்துச்சுன்னு எழுதினதும் அப்படித்தான். ...ஏன் இப்ப சொல்றேன்னா இப்பதான் மனசு உறுத்துது. நாளைக்குப் புதுநன்மை, நான் நன்மை வாங்கப் போக வேண்டாமா? ...தெரியும். ...தெரியும் டோனல், கேஸ்ல நமக்கு வேற பிடி இல்லன்னு தெரியும். கண்ணாடிய மாட்டல. பத்து மாசமா மாட்டல. அது என் தப்பு. மார்ட்டின் தப்பு இல்ல, கேட்டியா, என் தப்பு. அதையும் எழுதிக்க. ...புதுப்பிக்க மாட்டீங்கன்னா புதுப்பிக்காதீங்க. இன்சூரன்ஸ் இல்லாம கதவு திறக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். ...கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். ஒரு பிரதி குழந்தை நல அலுவலகத்துக்குப் போகணும். திங்கக்கிழமை பத்து மணிக்கு முன்னாடி. ஏன்னு கேக்காத. அனுப்பு. போ, உன் மீன் காத்துக்கிட்டிருக்கும்.

— போன வச்சுட்டாரா?

— வச்சுட்டான். இதுக்குத்தானே வந்த? கிடைச்சுதுல்ல? எழுந்து போ.

— உங்க கடை?

— கடையப் பத்தி நீ பேசாத. அந்தப் பேச்சு உனக்கு வேண்டாம். நான் உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனச்சுக்காத, கேட்டியா? என் கதவுல அந்த வக்கீல் கடிதம் விழுந்த அன்னிக்கு மார்ட்டின் டீயக்கூடத் தொடல. அத நான் மறக்க மாட்டேன்.

— மறக்க வேண்டாம். நான்... நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

— வேண்டாம்.

— சொல்லாமப் போனா எனக்குத் தூக்கம் வராது. நீங்க போன்ல அப்படிச் சொன்ன பிறகு என்னால முடியாது. மிஸஸ் கிலீன், நீங்க முதல்ல எழுதினதுதான்...

— வாய மூடு, நுவாலா. சொன்னா நான் கேட்டவளா ஆயிருவேன். நாளைக்கு யாராவது என்னைக் கூப்பிட்டுச் சத்தியம் பண்ணச் சொன்னா நான் என்ன பண்ணுவேன்?

— நான் வெளிலதான் நின்னேன். அவங்க அப்பதான் போன் பண்ணாங்க. பெத்தவ கேக்கறா, பிள்ளையத் திருப்பிக் குடுக்க வேண்டி வரலாம்னு. கீவா முன்னாடி என் முகம் அப்படி ஆகக் கூடாதுன்னு வெளில போனேன். ஒரு நிமிஷம். ஒரே ஒரு நிமிஷம். நீங்க பின் அறைலேந்து வந்துருவீங்க, பாத்துப்பீங்கன்னு நெனச்சேன். உங்கமேல பழி போட்டு இவ்வளவு நேரம் கத்தினேன்.

— சொல்லிட்டியா? உன் பாரம் இறங்கிடுச்சா? அப்ப என்னதையும் கேட்டுட்டுப் போ. நான் பின் அறைக்குப் போகவே இல்ல. சாக்ஸ் இந்தக் கல்லாவுக்குக் கீழயே இருந்துச்சு. நீ வெளில விளக்குக் கம்பத்தக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுதுக்கிட்டிருந்த. எவன் விட்டுட்டுப் போனானோ, யாருகிட்ட இதச் சொல்லலாம்னு எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு இங்கயே நின்னேன். பிள்ளை தனியா இல்ல, நுவாலா. கை நீட்டினா கண்ணாடியப் பிடிச்சிருக்கலாம், அவ்வளவு பக்கத்துல, முதுகக் காட்டிக்கிட்டு நான் நின்னேன்.